அண்ணியின் அணி

பிப்ரவரி 9

அன்புள்ள மிளகாய்க்கு,

அண்ணி எழுதுகிறேன். நான் நலம். நீயும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா?

என் கைபேசியைப் பெரிய நர்ஸ் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ரத்த அழுத்தம் ஏறுமாம். திரையைப் பார்க்கக் கூடாது, பரபரப்பு கூடாது, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேனாவுக்கு மட்டும் தடை இல்லை. ஞாயிறுதோறும் உன் அண்ணன் கையில் கடிதம் கொடுத்தனுப்புகிறேன். பஸ் பணிமனையில் மெக்கானிக், இங்கே தபால்காரர். பாவம் மனிதர்.

ஒரே ஒரு நிபந்தனை. இங்கே வருகிறவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வயிற்றைப் பார்க்கிறார்கள். போன இரண்டு முறையும் இப்படித்தான் பார்த்தார்கள். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். நீ ஒருத்தியாவது அதைக் கேட்காதே. நானும் எழுத மாட்டேன். நாம் பந்தைப் பற்றிப் பேசுவோம்.

எங்கள் டயர் கிடங்கில் சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் எட்டுப் பேர் கணினியில் கால்பந்து லீக் நடத்துகிறோம் என்று உனக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு கிளப், ஆளுக்கு ஒரு மேலாளர் வேலை. ஒரு சனிக்கிழமைக்கு ஆட்டத்தில் ஒரு மாதம் ஓடும். இரண்டு சனிக்கிழமை நாற்காலி காலியாக இருந்தால் கிளப்பைக் கலைத்து, ஆட்டக்காரர்களை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். என் பிள்ளைகளைப் பதினைந்து வயதிலிருந்து நான் வளர்த்திருக்கிறேன். நெட்டை தலையால் முட்டினால் கோல். கோபக்காரன் முன்வரிசையில் ஆடுகிறவன், நடுவரிடம் அட்டை வாங்குவதில் சூரன். தூங்குமூஞ்சி கோல்கீப்பர், பதினாறு வயது, புகைப்படத்தில் கண்ணே திறக்கவில்லை.

என் நாற்காலியில் நீ போய் உட்கார். யாரையும் வாங்காதே, யாரையும் விற்காதே. அது போதும்.

அன்புடன்,
படுத்த படுக்கையாய் இருக்கும் மேலாளர்

---

பிப்ரவரி 22

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. உங்கள் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு நான் எதையும் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். கோல்கீப்பர் மட்டும்தான் கையால் பந்தைத் தொடலாம் என்பதே போன சனிக்கிழமைதான் தெரிந்தது. உங்கள் நாற்காலியில் போய் உட்கார்ந்ததும் ஏழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கிடங்குக் கணக்கர் மட்டும் எழுந்து வந்து தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். அடுத்த நிமிடமே அவர் அணி எனக்கு நாலு கோல் போட்டது.

உழைப்பு போதவில்லை என்று முடிவு செய்து எல்லாப் பயல்களுக்கும் பயிற்சியை இரண்டு மடங்காக்கினேன். கணினி மஞ்சள் நிறத்தில் ஏதோ எச்சரித்தது. மஞ்சள்தானே, சிவப்பு இல்லையே என்று விட்டுவிட்டேன். இன்று பார்த்தால் மூன்று பேருக்குத் தொடைத் தசை கிழிந்திருக்கிறது. மறுபடி தோல்வி. கணக்கர் நெட்டையை விலைக்குக் கேட்கிறார். என்ன செய்யட்டும்?

இப்படிக்கு,
முழிபிதுங்கி நிற்கும் மிளகாய்

---

மார்ச் 2

அன்புள்ள மிளகாய்க்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் நர்ஸ் ஓடி வந்து ரத்த அழுத்தம் பார்த்தார். ஏறவில்லையாம். அதனால் நீ தொடர்ந்து எழுதலாம் என்று அனுமதி.

அடி பைத்தியம், வளர்கிற பயலை அடித்துப் பழுக்க வைக்க முடியாது. பயிற்சியைப் பாதியாகக் குறை. ஓய்வும் பயிற்சிதான். அதை எனக்கு இங்கே மூன்று வேளையும் மருந்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள்.

ஒவ்வொரு பயலையும் தனியாகத் திறந்து பார். எதில் குறைவோ அதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. நெட்டைக்கு இடது கால் வெறும் அலங்காரம். அதற்குப் பயிற்சி கொடு. ஆனால் அவன் நம் அணியில் பெஞ்சில் உட்கார்ந்து தேய்வதைவிட, ஒரு சின்ன கிளப்புக்கு ஒரு பருவம் இரவலாகப் போய் வாராவாரம் ஆடுவது மேல். ஆடாத பயல் வளர மாட்டான். கணக்கருக்கு விற்காதே. அவர் பழுத்ததை வாங்கிச் சாப்பிடுகிறவர், நட்டு வளர்க்கத் தெரியாது.

கோபக்காரனை முன்வரிசையிலேயே வைத்திரு. அடுத்த பருவம் அவனுடையது.

அத்தையிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

அன்புடன்,
அண்ணி

---

மார்ச் 16

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலம். நேற்றோடு பருவம் முடிந்தது. எட்டில் ஏழாம் இடம். கடைசி இடம் என்றால் கிளப்பைக் கலைத்திருப்பார்கள். எட்டாவதாக வந்த பெயிண்டரின் அணியைக் கலைத்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லீக்குக்குத் தலைவரான கேட் காவலாளிதான் சட்டப் புத்தகத்தைப் புரட்டி, பெயிண்டர் புதிதாக ஒரு கிளப் தொடங்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார்.

கணக்கருக்கு ‘இல்லை’ என்று சொல்லிவிட்டேன். நெட்டை இரவலுக்குப் போய்விட்டான். வீட்டில் அதைச் சொன்னதும் அம்மா கேட்டது: “பாவம், யாரு பெத்த புள்ளையோ. அங்க நேரத்துக்குச் சோறு போடுவாங்களா?” அவன் கணினிக்குள் இருக்கிறவன் என்று விளக்கிப் பார்த்தேன். “எங்க இருந்தா என்ன, வளர்ற புள்ள” என்று சொல்லிவிட்டாள்.

இப்போது நீங்கள் திட்டப்போகிற விஷயம். கோபக்காரனை முன்வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன். அவன் கோல் போடுவதே இல்லை. ஆனால் எவனாவது பந்தைப் பறித்தால் மைதானத்தின் மறுகோடி வரைக்கும் துரத்திப் போய்த் திரும்பப் பறிக்கிறான். இதை நாலு ஆட்டம் பார்த்தேன். துரத்துகிறவனுக்குத் துரத்துகிற வேலையைக் கொடுப்போம் என்று இடது பக்கத் தடுப்பில் போட்டுப் பழக்குகிறேன். உங்களைக் கேட்டுச் செய்ய நேரம் இல்லை. கடிதம் போய் வருவதற்குள் ஆட்டத்தில் இரண்டு மாதம் ஓடிவிடுகிறது.

பயத்துடன்,
மிளகாய்

---

மார்ச் 23

மிளகாய்க்கு,

நலம்.

கோபக்காரனை யாரைக் கேட்டு மாற்றினாய்? அவனை முன்வரிசை ஆட்டக்காரனாக்க நான் மூன்று பருவம் பாடுபட்டேன். பார்த்துக்கொள் என்றுதான் சொன்னேன், பிரித்துப் போடச் சொல்லவில்லை. உடனே பழைய இடத்துக்கு மாற்று.

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கிழிக்க நினைத்தேன், காகிதம் இது ஒன்றுதான் இருக்கிறது. கோபம் உன் மேல் இல்லை. பக்கத்துக் கட்டில் பெண் நேற்றுக் காலையில் வீட்டுக்குப் போனாள். கையில் பை மட்டும் இருந்தது. அவளுடைய தலையணையை மாற்றிவிட்டார்கள். இதைப் பற்றி எதுவும் எழுதாதே.

அண்ணி

---

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். எழுதாதே என்றதால் எழுதவில்லை. பந்தைப் பற்றி மட்டும்.

கோபக்காரனை மாற்றவில்லை. என்னை மன்னிக்க வேண்டாம், கணக்கை மட்டும் பாருங்கள். புதுப் பருவத்தில் எட்டு ஆட்டம், ஆறு வெற்றி! இடது பக்கமாக வந்தவன் ஒருவனும் உருப்படவில்லை. அட்டை வாங்குவதையும் நிறுத்திவிட்டான். நம் அணியில் முப்பத்திரண்டு வயதுக் கிழவர் ஒருவர் இருக்கிறாரே, சாந்த சொரூபி, அவரோடு இவனைச் சேர்த்துப் பயிற்சிக்கு விட்டேன். கிழவருக்குக் கொஞ்சம் கோபம் வந்திருக்கிறது, இவனுக்கு நிதானம் வந்திருக்கிறது.

தூங்குமூஞ்சியை முதல் முறையாக ஆட விட்டேன். ஐந்து பந்து தடுத்தான். காவலாளி தன் அணி தோற்பதை மறந்து கைதட்டினார்.

அண்ணன் போன வாரம் வெறுங்கையோடு வந்தார். நீங்கள் தூங்குகிறீர்கள் என்றார். இந்த வாரம் கட்டாயம் எழுதுங்கள்.

மிளகாய்

---

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கு எல்லோரும் நலம். அங்கு நலம்தானே?

இந்த முறையும் அண்ணன் நீங்கள் தூங்குவதாகச் சொன்னார். சொல்லும்போது பஸ்ஸின் அடியில் படுத்திருக்கிறவர் மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். அம்மா பாத்திரத்தை இரண்டு தடவை கழுவினாள்.

நாம் மூன்றாம் இடம். நேற்று மூன்றுக்குப் பூஜ்யம். கணக்கர் ஒரு புதிய நட்சத்திரத்தை வாங்கியிருக்கிறார், முதல் ஆட்டத்திலேயே அவனுக்கு முட்டி போய்விட்டது. இளைஞர் அணியில் புதிதாக எட்டுப் பயல்கள் வந்திருக்கிறார்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லும்வரை ஒருத்தனையும் அனுப்பப் போவதில்லை. எட்டுப் பேரும் எனக்காக இல்லை, உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.

நான் நிபந்தனையை மீறவில்லை. உங்கள் கையெழுத்தில் ஒரு வரி வேண்டும். திட்டினாலும் சரி.

மிளகாய்

---

ஏப்ரல் 27

மிளகாய்,

பென்சில்தான் கிடைத்தது. ஒருக்களித்தபடியே எழுதுவதால் எழுத்து கோணல்.

நெட்டையைத் திரும்பக் கூப்பிடு. இரவல் போதும்.

எட்டுப் பேரில் உயரத்தைப் பார்க்காதே, வேகத்தைப் பார்க்காதே. விடாமுயற்சி என்று ஒரு எண் இருக்கும். அது அதிகமாக இருக்கிற மூன்று பேரை வைத்துக்கொள்.

கோபக்காரனை விடு. நீ செய்ததுதான் சரி.

இருக்கிறோம். பன்மையில் எழுதியிருக்கிறேன், கவனி.

அண்ணி

---

மே 25

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலம். உங்கள் பென்சில் கடிதத்தின் கடைசி வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசி என்றாள். பிறகு கடிதத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள், இன்னும் திருப்பித் தரவில்லை. பிறகு வந்த உங்கள் இரண்டு வரிக் கடிதங்களும் அவளிடம்தான் இருக்கின்றன.

இனி நல்ல செய்தி. நெட்டை திரும்பி வந்தான், அண்ணி! போனவன் வேறு, வந்தவன் வேறு. இடது காலாலும் அடிக்கிறான். ஐந்து ஆட்டத்தில் ஏழு கோல். நாம் இரண்டாம் இடம். ஜூன் ஏழு, கடைசி சனிக்கிழமை, கடைசி ஆட்டம் கணக்கரோடு. அவருக்குச் சமன் செய்தால் போதும். நாம் ஜெயித்தால் கோப்பை நமக்கு.

நேற்று ஆட்டம் முடிந்ததும் கணக்கர் எழுந்து, கிளப் உங்கள் பேரில் இருப்பதால் கடைசி ஆட்டத்துக்கு நீங்களே வர வேண்டும், இல்லையென்றால் ஆட்டம் செல்லாது என்றார். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும், சொன்ன பிறகுதான் உறைத்தது என்று நினைக்கிறேன்.

“இது உங்க அண்ணி டீம் இல்லையாம்மா?” என்று குரலைத் தணித்துக் கேட்டார்.

“டீம் அவங்களோடதுதான் சார். சனிக்கிழமை என்னோடது.”

காவலாளி சட்டப் புத்தகத்தை மூடினார். “பிப்ரவரியிலேருந்து ஒரு சனிக்கிழமைகூட அந்தப் பொண்ணு லீவு போடல. ஆட்டம் செல்லும்” என்றார். பெயிண்டர்தான் முதலில் மேசையைத் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். கணக்கரும் தட்டினார்.

கடைசி ஆட்டத்துக்கு உங்கள் உத்தரவு என்ன?

மிளகாய்

---

ஜூன் 1

அன்புள்ள மிளகாய்க்கு,

நலம். இப்போது என் கட்டில் ஜன்னல் ஓரத்தில். எதிரே துணி துவைக்கிற இடம் தெரிகிறது. ஒரு பெண் விரிப்புகளை உதறி உதறிக் காயப் போடுகிறாள், அதைப் பார்த்துக்கொண்டே பொழுது போகிறது.

உத்தரவு கேட்டாய். முதல் பாதியில் அவசரப்படாதே. கணக்கரின் ஆட்களுக்கு வயதாகிவிட்டது, அறுபது நிமிடத்துக்கு மேல் மூச்சு வாங்கும். அதன் பிறகு பயல்களை அவிழ்த்து விடு. நெட்டையைக் களைத்துப் போக விடாதே. தூங்குமூஞ்சியை மட்டும் உட்கார வை. போன ஆட்டத்தில் சுலபமான இரண்டு பந்தை விட்டானாமே, உன் அண்ணன் சொன்னார். கோப்பை ஆட்டத்தைத் தாங்க அவனுக்கு வயது போதாது. பழைய கோல்கீப்பரை இறக்கு.

உன் அண்ணன் இந்த வாரம் வெள்ளிக்கிழமையே இங்கே வருகிறார். ஞாயிறு என்றால் பஸ்ஸில் கூட்டம், அதனால்தான். நீ ஆட்டத்தைக் கவனி. எனக்கும் சனிக்கிழமை ஒரு வேலை இருக்கிறது.

அத்தையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். உன்னையும்.

அண்ணி

---

ஜூன் 8

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று இந்த முறை வாய்விட்டுக் கேட்கிறேன். நலமா? அவள் நலமா? அடக்க முடியவில்லை. ஆனால் நீங்கள் கேட்காமல் விட மாட்டீர்கள் என்பதால் ஆட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பஸ்ஸில் கூட்டம் என்று நீங்கள் எழுதியதை நான் ஒரு நொடிகூட நம்பவில்லை. நம்பாமலே கிடங்குக்குப் போனேன். அம்மாவும் கூட வந்தாள். வீட்டில் தனியாக இருக்க முடியாதாம். என் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

உங்கள் உத்தரவில் ஒன்றை மீறினேன். தூங்குமூஞ்சியை உட்கார வைக்கவில்லை. இரண்டு பந்து விட்டதற்காக உட்கார வைத்தால், இனி எந்தப் பந்துக்கும் பாய மாட்டான் என்று தோன்றியது. பெயரை அழிக்கவே எனக்கு மனம் வரவில்லை, அதுதான் உண்மை.

இருபதாம் நிமிடத்திலேயே கணக்கர் ஒரு கோல் போட்டார். எழுந்து ஓடலாமா என்று இருந்தது. அம்மா, “நம்ம நெட்டையன் எங்கடி?” என்று கேட்டாள். சுட்டிக் காட்டினேன். அடுத்த ஐந்து நிமிடத்தில் அவன் இடது காலால் அடித்தான். நீங்கள் அலங்காரம் என்று எழுதிய அதே காலால். ஒன்றுக்கு ஒன்று.

அறுபது நிமிடம் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு இளைஞர் அணியிலிருந்து வந்த இரண்டு பயல்களை இறக்கி, முன்னேறு என்றேன். கணக்கரின் ஆட்கள் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். நீங்கள் சொன்னது சொன்னபடி. எண்பத்தாறாம் நிமிடம், நம் கோல் வாசலில் பந்தைப் பறித்த கோபக்காரன் நிற்கவே இல்லை, அண்ணி. மைதானம் முழுக்க ஓடினான். அவனைத் துரத்த ஆளில்லை. மறுகோடியிலிருந்து தூக்கி அடித்தான், நெட்டை எம்பி முட்டினான். வலை குலுங்கியது. பெயிண்டர் நாற்காலியோடு பின்னால் விழுந்தார்.

அதோடு முடியவில்லை. கடைசி நிமிடத்தில் நம் கிழவர், அந்தச் சாந்த சொரூபி, கணக்கரின் ஆளை இழுத்துத் தள்ளிவிட்டார். பெனால்டி. கோபக்காரனிடமிருந்து ஒட்டிக்கொண்ட கோபம்! தூங்குமூஞ்சி நடுவில் நின்றான். பந்து வலது மூலைக்குப் போனது. அவன் முழு உடம்பையும் நீட்டிப் பாய்ந்து விரல் நுனியால் தள்ளிவிட்டான்.

இரண்டுக்கு ஒன்று. கோப்பை உங்களுக்கு.

கூடமே எழுந்து நின்றது. கணக்கர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “கோபக்காரனைத் தடுப்புல போடணும்னு எப்படிம்மா தோணுச்சு? இத்தனை பருவமா அவனை எதிர்த்து ஆடறேன், எனக்குத் தோணலையே” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் அம்மாவின் கைப்பைக்குள் கைபேசி அடித்தது.

அம்மா எடுத்தாள். அண்ணன் என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அம்மா கேட்டது மட்டும் கேட்டது: “ரெண்டு பேரும்?”

பிறகு மறுபடியும், “ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?”

கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே கூடத்தைப் பார்த்து, “பொண்ணு” என்றாள். அண்ணி, கோலுக்குக்கூட அப்படி ஒரு சத்தம் எழவில்லை. காவலாளி தொப்பியை எடுத்து மேலே எறிந்தார், அது மின்விசிறியில் மாட்டிக்கொண்டது. அம்மாவின் முழங்கால் வலி எங்கே போனதோ, எழுந்து ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள். நான் மேசைக்கடியில் குனிந்து அழுதேன். கணக்கர் அந்தப் பக்கம் திரும்பி நின்று, யாரையும் கிட்டே வர விடாமல் பார்த்துக்கொண்டார்.

எவ்வளவு எடை? யார் ஜாடை? எப்போது பார்க்கலாம்? இனி எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரு வரிகூட மிச்சம் வைக்காதீர்கள்.

அத்தை ஆகிவிட்ட
மிளகாய்

---

ஜூலை 20

என் அன்பு மிளகாய்க்கு,

நாங்கள் இருவரும் நலம். இதை எழுத எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும்.

டாக்டர் நாள் குறித்து முன்கூட்டியே எடுத்துவிட்டார், அதனால் ஆறு வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். நான் வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து, பெட்டியின் ஓட்டைக்குள் ஒரு விரலை மட்டும் விட்டு வைத்திருப்பேன். முதலில் அதைப் பிடிக்கவே தெம்பில்லை. இப்போது பிடித்தால் விடுவதில்லை, நர்ஸ் வந்துதான் பிரிக்க வேண்டும். எடை ஏறுகிறது. ஜாடை இன்னும் முடிவாகவில்லை, முறைத்துப் பார்க்கும்போது மட்டும் அப்படியே நீ. நேற்றிலிருந்து பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என் நெஞ்சின் மேல் படுத்துத் தூங்கினாள். பசி வந்ததும் அழுதாள் பார், மூன்று அறை தாண்டி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த பெரிய நர்ஸ் ஓடி வந்தார். வந்தவர் அவளைத் தூக்கவில்லை. “அழட்டும், இந்தச் சத்தத்தைக் கேக்கத்தானே இத்தனை மாசம்” என்று கதவோரம் நின்று கேட்டார்.

உன் ஜூன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன், உனக்குத் தலைக்கனம் ஏறிவிடும். தூங்குமூஞ்சி விஷயத்தில் நான் தவறு, நீ சரி. கோபக்காரன் விஷயத்திலும். இதற்கு மேல் என்னிடமிருந்து ஒப்புதல் எதிர்பார்க்காதே.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். உன் அண்ணன் பணிமனையில் வண்டி இரவல் வாங்கி, இருக்கையெல்லாம் தானே கழுவி வைத்திருக்கிறாராம். அத்தையை வாசலிலேயே நிற்கச் சொல்லாதே, நாங்கள் மெதுவாகத்தான் வருவோம்.

ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வந்ததும் நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று ஆரம்பிக்காதே. அந்தப் பயல்கள் இப்போது உன் பேச்சைத்தான் கேட்பார்கள். கிளப்பை உன் பேருக்கு மாற்றச் சொல்லிக் காவலாளிக்குத் தனியாகக் கடிதம் போட்டாயிற்று. அதிலேயே இன்னொரு விண்ணப்பமும் வைத்திருக்கிறேன். லீக்கில் ஒன்பதாவதாக ஒரு புதுக் கிளப் வேண்டும், மேலாளர் நான், ஆட்டக்காரர்கள் எல்லோரும் பதினைந்து வயதுப் பொடியன்கள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே ஆட்டம் நடத்துவேன். முதல் இரண்டு பருவம் உன்னிடம் நன்றாக உதை வாங்குவேன், தெரியும்.

மூன்றாவது பருவத்தில் ஜாக்கிரதையாக இரு.

இப்படிக்கு,
உன் புதிய எதிரி